மூல நட்சத்திரமும் பதினாலாம் நம்பர் கண்ணாடியும்: போனக்காட்டுக்கு ஒரு கிரகணப் பயணம்

கிரகணம் பார்க்க, திருவனந்தபுரத்திலிருந்து காலையில் போய் மதியம் திரும்புகிற மாதிரி ஓர் இடம் சொல்லுங்கள் என்று இந்த மாதம் மூன்று பேர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். 2031 மே மாதக் கிரகணத்துக்கு இப்போதே இடம் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நானெல்லாம் பஸ் கிளம்பும்போது செருப்பு மாட்டுகிற ரகம். ஆனாலும் ஒரே ஒருமுறை, வாழ்க்கையில் முதல்தடவையாக, இருபது நாள் முன்பே உட்கார்ந்து திட்டம் போட்டேன். 2019 டிசம்பர் 26, வியாழக்கிழமைக் கிரகணத்துக்காக. அந்தத் திட்டம் எப்படிச் சொதப்பியது, பிறகு எப்படி உருப்பட்டது என்பதைச் சொல்கிறேன். உங்களுக்கு உபயோகப்படலாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது முழுச் சூரிய கிரகணம் இல்லை. பட்டப்பகல் இருட்டி நட்சத்திரம் தெரிகிற கிரகணத்தைத் திருவனந்தபுரத்திலிருந்து பார்க்கிற கொடுப்பினை எனக்கு இதுவரை வாய்க்கவில்லை. அன்றைக்கு நெருப்பு வளையம் தெரிந்தது காசர்கோடு, கோயம்புத்தூர் பக்கம். நமக்குச் சூரியனின் முக்கால் பங்குக்கு மேல் மறையும், காலை எட்டு மணி தாண்டித் தொடங்கும், ஒன்பதரை வாக்கில் உச்சம் என்று செய்தியில் போட்டிருந்தார்கள். காசர்கோட்டுக்குப் போகலாம்தான். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ரயிலில் நிற்க இடமில்லை. அதோடு என்னுடன் வர ஒரே ஒரு ஆள்தான் தயாராக இருந்தாள். அவளுக்கு அறுபத்தொரு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. என் அம்மா.

அம்மா கிரகணம் பார்க்க வருகிறாள் என்பது எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய செய்தி என்று புரிய, கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

எங்களுக்குப் பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். தாத்தா காலத்தில் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்து இங்கே தங்கிவிட்டோம். அம்மா மூல நட்சத்திரம். பெண் மூலம் என்றால் மாமனாருக்கு ஆகாது என்று சொல்வார்கள். அதைத் தாண்டித்தான் 1979-ல் அப்பாவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் பிப்ரவரியில் பெரிய சூரிய கிரகணம் வந்தது. ஊரே கதவடைத்து உட்கார்ந்திருக்க, புது மருமகள் மட்டும் கொல்லையில் மஞ்சள் தண்ணீர் வாளி வைத்து அதில் கிரகணம் பார்த்தாள். ஒன்பதாம் நாள் தாத்தா போய்விட்டார். இதுதான் கதை. மூலக்காரி கிரகணம் பார்த்து மாமனாரை அனுப்பி வைத்தாள் என்று கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சொல்வார்கள். அம்மாவுக்குக் காது கேட்கிற தூரத்தில் வைத்தே சொல்வார்கள். அவள் மறுத்து நான் பார்த்ததில்லை. அதனால் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

2010 ஜனவரியில் நெருப்பு வளையம் எங்கள் மொட்டை மாடிக்கு நேர் மேலேயே வந்தது. மதியம் ஒரு மணிக்கு நான் மாடியில் குதித்துக்கொண்டிருந்தேன். அம்மா கீழே இருட்டு அறையில், நெற்றியில் பட்டம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பட்டம் என்றால் பெயரும் நட்சத்திரமும் சுலோகமும் எழுதிய ஓலை நறுக்கு. கிரகண தோஷம் தாக்காமல் இருக்க நூலில் கோத்து நெற்றியில் கட்டுவது. "எம்மா, வந்து பாரு, ஏழு நிமிஷந்தான்" என்று மாடியிலிருந்து கத்தினேன். அவள் வரவில்லை. அந்த ஏழு நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கஷ்டப்படும். வீட்டுக்கு மேலே வந்ததை வீட்டுக்குள் இருந்தவள் பார்க்கவில்லை.

2017-ல் அப்பா போனார். 2019 டிசம்பர் தொடக்கத்தில் நான் காலண்டரும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தபோது, அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "நானும் வாரேன்" என்றாள்.

"இந்தத் தடவ கிரகணமே மூல நட்சத்திரத்துலதாம்மா பிடிக்குது" என்றேன். ஜோசியர்கள் டிவியில் முழங்கிக்கொண்டிருந்த சமயம் அது.

"இருக்கட்டும். மூலம் மாமனாருக்கு ஆகாதுன்னுதான சொல்லுவாங்க. எனக்கு இனி மாமனார் எங்க இருக்காரு, போறதுக்கு?"

அவள் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து இந்தப் பயணத்தின் நோக்கம் எனக்கு மாறிவிட்டது. நான் பார்ப்பது இருக்கட்டும், அம்மா பார்த்துவிட வேண்டும். அதற்குத் தடையாக ஒரு மேகம்கூட வரக்கூடாது.

முதல் வேலை கண்ணாடி. சாலைக் கடைத்தெருவில் வெல்டிங் சாமான் விற்கிற கடைக்குப் போய்ப் பதினாலாம் நம்பர் கண்ணாடி, அதாவது இருப்பதிலேயே கறுத்தது, வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் பத்தாம் நம்பரை எடுத்து வைத்தார்.

"பதினாலு ஆரும் கேக்க மாட்டாங்க சேச்சி. பத்து மதி, போதும். நல்லா தெளிஞ்சு காணும்."

தெளிந்து தெரிவதுதான் ஆபத்து என்று அவருக்குப் புரியவைக்கக் கால்மணி நேரம் ஆனது. கடைசியில் பக்கத்துக் கடையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். ஒன்று எழுபது ரூபாய், மூன்று வாங்கினேன். மூன்றாவது என் தம்பிக்கு. அவன் கடையை விட்டு வர முடியாது என்று கழன்றுகொண்டான். அந்த மூன்றாவது கண்ணாடி வீண்போகவில்லை என்று பின்னால் தெரியும்.

இரண்டாவது, இடம். இங்கேதான் என் மேதைமை வெளிப்பட்டது. சங்குமுகம் கடற்கரையில் கூட்டம் இருக்கும், மைதானத்தில் பள்ளிப் பிள்ளைகள் இருப்பார்கள். மலைக்குப் போனால் வானத்துக்குப் பக்கத்தில் இருக்கலாமே என்று முடிவு செய்தேன். பொன்முடிக்கு விடுமுறைக் கூட்டம் வரும் என்பதால் போனக்காடு. நகரத்திலிருந்து அறுபது கிலோமீட்டர், பழைய தேயிலைத் தோட்டம், தமிழ் பேசுகிற மனிதர்கள். விதுரா வரை பஸ், அங்கிருந்து ஜீப். விதுராவில் ஜீப் ஓட்டும் ஜெயராஜ் அண்ணனின் எண் ஒரு தோழி மூலம் கிடைத்தது. போனக்காட்டு லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவராம். போய்வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் என்றார். ரோடு எப்படி, செக்போஸ்ட்டில் என்ன காட்ட வேண்டும், ஜீப்பில் முன்சீட் அம்மாவுக்குக் கிடைக்குமா என்று நான்குமுறை போன் செய்து கேட்டேன். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்கவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் நாகர்கோவிலிலிருந்து பகவதியத்தை போன் செய்தாள். அப்பாவின் கடைசித் தங்கை. அம்மாவை மயினி என்றுதான் கூப்பிடுவாள்; எங்கள் பக்கம் அண்ணன் மனைவிக்கு அதுதான் பெயர். விஷயம் அவள் காதுக்குப் போயிருந்தது.

"மக்ளே, மயினியக் கூட்டிட்டு அலையாத. மூலத்துலயாக்கும் பிடிக்குது. அவளுக்கு ஒரு பேரு வந்தது மதி. மறுபடியும் ஒண்ணு வேண்டாம்" என்றாள். குரல் நடுங்கியது. எனக்குக் கோபம் வந்தது. நாற்பது வருடமாக அந்தப் பேரைச் சொன்னவர்கள் உங்கள் வீட்டுக்காரர்கள்தானே என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு போனை வைத்தேன்.

டிசம்பர் 26. தம்பானூரில் அதிகாலை ஐந்து பத்துக்கு விதுரா பஸ். அம்மா முந்தின இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டதோடு சரி, கிரகணம் விடும்வரை பச்சைத் தண்ணீர்தான். பையில் தயிர்சாதத் தூக்கு, அதற்குள் சாதம் கெடாமல் இருக்கப் போட்ட தர்ப்பைப்புல், இரண்டு துண்டு, ஒரு பட்டம். "பாக்க வாறவளுக்குப் பட்டம் எதுக்கும்மா?" என்றேன். "நீ ஒன் சோலியப் பாரு" என்றாள். நெடுமங்காட்டில் பஸ் நின்றபோது நான் மட்டும் இறங்கிப் பால் விடாத கட்டன்சாயா குடித்தேன், பத்து ரூபாய். அம்மா ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் பாதி கிளாஸை வைத்துவிட்டு ஏறினேன்.

விதுராவில் ஆறு நாற்பதுக்கு இறங்கினோம். முப்பத்தேழு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். ஜெயராஜ் அண்ணன் ஜீப்பைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயதிருக்கும். மப்ளர், மீசை, பேச்சில் பாதி தமிழ் பாதி மலையாளம். காட்டுக்குள் நுழைகிற செக்போஸ்ட்டில் பெயர், வண்டி எண் எழுதிக்கொண்டார்கள். காட்டுப் பாதையில் இடையில் எங்கும் வண்டி நிறுத்தக்கூடாது என்று அங்கிருந்த காவலர் கண்டிப்பாகச் சொன்னார். அதற்கப்புறம் ரோடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. குழிகளுக்கு நடுவே கொஞ்சம் தார் இருந்தது.

ஏழு ஐம்பதுக்குப் போனக்காடு. இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். வானம் இல்லை. மலை இல்லை. பத்தடி தள்ளி நின்ற தேயிலைச் செடிகூட இல்லை. எல்லாம் பனிமூட்டத்தில் வெள்ளையாக இருந்தது.

"இது எப்ப விலகும் அண்ணே?"

"மஞ்சா? மார்கழியில சில நாளு ஒம்பதுக்கு விடும். சில நாளு பதினொண்ணு ஆவும். இங்க எப்பவும் அப்பிடித்தான்."

"நீங்க முன்னாடியே சொல்லலியே!"

"நீங்க கேட்டது ரோடும் சீட்டுந்தானம்மா. சூரியனப் பாக்க மலைக்கு வாறீங்கன்னா ஆரு நினைப்பா? மஞ்சு பாக்கத்தான் எல்லாரும் வருவாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன். இருபது நாள் திட்டம். இவ்வளவு வருடம் கழித்து அம்மா வீட்டை விட்டு வெளியே வந்த ஒரே கிரகணம். அதை நான் தேடிப்பிடித்து ஒரு மேகத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். வீட்டு மாடியிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கலாம். எட்டேகால். எட்டரை. மேலே எங்கேயோ கிரகணம் தொடங்கி நடந்துகொண்டிருந்தது. லயத்து வீடுகள் கதவடைத்துக் கிடந்தன. அம்மா ஜீப் முன்சீட்டில் பட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எட்டு நாற்பதுக்கு அவளே ஜெயராஜ் அண்ணனிடம் கேட்டாள்: "தம்பி, கீழ வெயில் அடிக்குமா?"

"செக்போஸ்ட்டு தாண்டினா அடிக்கும்மா. அங்க மஞ்சு நிக்காது."

"அப்ப இறக்கு வண்டிய."

நான் கணக்குப் போட்டேன். உச்சம் ஒன்பதரைக்கு. இடையில் நிறுத்த அனுமதி இல்லை. செக்போஸ்ட் தாண்டி ஒரு வெட்டவெளி கிடைக்க வேண்டும். ஜெயராஜ் அண்ணன் மப்ளரை அவிழ்த்துப் பின்னால் எறிந்தார். அதற்குமேல் நாற்பது நிமிடம் எங்கள் மூன்று பேரில் யாருடைய இடுப்பும் சீட்டில் நிலையாகப் படவில்லை. முழங்கால் வலிக்காரி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வெரசலா விடு" என்றாள். வளைவுக்கு வளைவு மஞ்சு மெலிந்தது. ஒன்பது இருபதுக்குச் செக்போஸ்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது வானம் நீலமாக இருந்தது. ஆனால் வெயில் வழக்கமான வெயிலாக இல்லை. சுண்ணாம்பைக் கரைத்து விட்ட மாதிரி வெளுத்திருந்தது. காற்று லேசாகக் குளிர்ந்தது.

பூட்டிக் கிடந்த ஒரு சாயாக்கடை முன்னால், பலாமரத்தடியில் ஜீப் நின்றது. நான் கண்ணாடியைத் தேடிப் பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அம்மா இறங்கிவிட்டாள். இறங்கியவள் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றாள்.

"பிள்ளே, இது என்ன தரையெல்லாம்?"

மரத்தடி மண் முழுக்கப் பிறைகள். இலைகளுக்கு நடுவே விழுகிற வெயில் வட்டங்கள் எல்லாம் அன்றைக்குப் பிறைகளாகிவிட்டிருந்தன. நூறு, இருநூறு, காற்றுக்கு எல்லாம் சேர்ந்து அசைந்தன. ஒவ்வொரு இலை இடுக்கும் சூரியனைப் படம்பிடித்துத் தரையில் போடுகிறது, அவ்வளவுதான் விஷயம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். அம்மா அவற்றை மிதிக்காமல் நடக்க முயன்றாள், முடியவில்லை. முதுகிலும் சேலையிலும் பிறைகள் விழுந்தன.

வெயிலுக்கு வந்ததும் அவள் பட்டத்தை எடுத்து நெற்றியில் கட்டிக்கொண்டாள். "இதுவும் இருக்கட்டும், அதுவும் இருக்கட்டும். கொண்டா கண்ணாடிய." ஓலைப் பட்டத்துக்குக் கீழே வெல்டிங் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்தாள். படம் எடுத்திருக்கிறேன். இங்கே போட அவள் அனுமதிக்கவில்லை.

ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "கடிச்ச பப்படம் மாதிரியேதான் இருக்கு. அவ சொன்னது செரிதான்."

"யாரு சொன்னா?"

"பகவதி."

எனக்குப் புரியவில்லை. அம்மா கண்ணாடியை இறக்கவில்லை. அண்ணாந்தபடியேதான் மீதியையும் சொன்னாள்.

"அன்னைக்கு வாளியில பாத்தது அவளாக்கும். பதினாறு வயசு. நான் கதவ அடைச்சு, இதே மாதிரி பட்டமும் கட்டிட்டு உள்ளதான் இருந்தேன். எல்லாம் முடிஞ்சு வந்தா, கெணத்தடியில மஞ்சத் தண்ணி வாளி. பகவதி காதுல வந்து சொல்லுதா, 'மயினி, சூரியன் கடிச்ச பப்படம் மாதிரி இருந்து'ன்னு. அவளுக்குச் சம்பந்தம் பேசிட்டிருந்த நேரம். வாளியத் தூக்கி ஊத்தப் போனேன். ஒங்க ஆச்சி பாத்துட்டா. வாளி ஏங் கையில இருந்து."

"நீ இல்லைன்னு சொல்லியிருக்கலாம்லம்மா?"

"சொன்னா அவ கல்யாணம் என்னாவும்? ஒங்க தாத்தாவுக்கு நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில சொல்லி ஆறு மாசமாச்சு. அதெல்லாம் ஆருக்கு ஞாபகம் இருந்து? மூலக்காரி பாத்தாங்கிறதுதான் எல்லாருக்கும் வசதி." கண்ணாடியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "நாப்பது வருஷமா, பாத்தா பாத்தான்னு கேட்டாச்சு. பாக்காமலே சாகக்கூடாதுல்லா. அதுக்குத்தான் வந்தேன்."

மொட்டை மாடியிலிருந்து இவளைப் பார்த்து "பயந்தாங்கொள்ளி" என்று நானும் ஒருநாள் கேலி செய்திருக்கிறேன். மூன்றாவது கண்ணாடியோடு கொஞ்சம் தள்ளி நின்ற ஜெயராஜ் அண்ணன், "நமக்குப் பேடியொண்ணும் இல்லம்மா, ஒரு பயமும் இல்ல" என்று சம்பந்தமில்லாமல் சொல்லிவிட்டுச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினொன்றே கால்வரை அங்கேயே இருந்தோம். சூரியன் முழுசானதும் ரோட்டுக் குழாயில் அம்மா தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டாள். தர்ப்பையை எடுத்துப் போட்டுவிட்டு மூன்று பேரும் தயிர்சாதம் சாப்பிட்டோம்.

பன்னிரண்டரை மணி பஸ்ஸில் உட்கார்ந்து அன்றைக்கே எழுதி வைத்த குறிப்புகள் இவை. மேலே சொன்ன கட்டணமெல்லாம் அன்றைய நிலவரம், இப்போது கூட்டித்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மலைக்குப் போவதாக இருந்தால் அந்த ஊர்க்காரரிடம் ரோட்டைக் கேட்பதற்கு முன் மஞ்சைக் கேளுங்கள். காட்டுப் பாதையில் நிறுத்த விடமாட்டார்கள், ஆகவே இரண்டாவது இடம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். கண்ணாடி பதினாலாம் நம்பர். கடைக்காரர் என்ன சொன்னாலும் பதினாலுதான். வாளித் தண்ணீரில் பார்ப்பதும் கண்ணுக்குக் கெடுதல்தான், வேண்டாம். கண்ணாடி இல்லையென்றால் இலை அடர்ந்த மரத்தடி போதும், தலையைக் குனிந்தே கிரகணம் பார்க்கலாம். 2031-ல் வளையம் கேரளத்தின் நடுப்பகுதி வழியாகவும் மதுரைப் பக்கமும் போகிறது என்கிறார்கள். எந்த ஊர் பாதைக்குள் வருகிறது என்று சரிபார்த்துவிட்டு அறை போடுங்கள். மே மாதம், மேகம் வரலாம். ஒரு கண்ணாடி அதிகமாக வாங்குங்கள்.

இந்தக் கடைசி வரியை அன்றைக்கு பஸ்ஸில் எழுதும்போது, நெடுமங்காடு தாண்டி, பகவதியத்தையின் போன் வந்தது. "மயினி வெளிய வரலல்லா?" என்றாள் எடுத்த எடுப்பில். நான் ஸ்பீக்கரில் போட்டு அம்மாவிடம் நீட்டினேன்.

"வந்தேன் பகவதி. பாத்தேன். நீ அன்னைக்குச் சொன்ன மாதிரியேதான் இருந்து. கடிச்ச பப்படம்."

லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"மயினி" என்றாள் அத்தை கடைசியில். அழுகிறாள் என்று தெரிந்தது. "இப்பவாவது நான் எல்லார்ட்டயும் சொல்லட்டா? எத்தனை தடவ கேட்டாச்சு. ஒவ்வொரு தடவையும் வேண்டாம்னுட்டியளே."

அம்மா ஜன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தாள். நெற்றியில் பட்டம் கட்டிய நூலின் தடம் இன்னும் இருந்தது.

"சொல்லு பிள்ளே" என்றாள். "இந்தத் தடவ வேண்டாம்னு சொல்ல மாட்டேன்."